அலமாரிக்கு இடம் விட்டவள்

ஷெஃபிகாவின் வீட்டுக்குப் பாஸ்போர்ட் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் ஊரைக் காலி செய்துவிட வேண்டும் என்று கூடவே அரசாங்கம் சொல்லி அனுப்பியிருந்தது. 1989 ஜூன் மாதம். பல்கேரியாவின் வடகிழக்கில், கோதுமையும் சூரியகாந்தியும் விளைகிற எங்கள் பக்கத்து ஊர்களில், துருக்கி மொழி பேசுகிற குடும்பங்கள் ஒவ்வொன்றாக எல்லை தாண்டித் துருக்கிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. பாஸ்போர்ட்டில் சுற்றுலாப் பயணி என்றுதான் முத்திரை குத்தியிருந்தது. மூன்று மாதச் சுற்றுலா. திரும்பி வருவார்கள் என்று கொடுத்தவனும் நினைக்கவில்லை, வாங்கியவனும் நினைக்கவில்லை.

பக்கத்து வீட்டு ருமியானா, பல்கேரியக்காரி, வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "சுத்திப் பாக்கப் போறவங்க அடுப்பையும் மெத்தையையுமா வெளிய எடுத்து வைப்பாங்க?"

கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் கோணிக்கொண்டது. ஷெஃபிகா முற்றத்தில் ஆறு கம்பளி மெத்தைகளையும் வெயிலில் விரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சொந்த ஆட்டு ரோமம். கழுவி, காயவைத்து, சிக்கெடுத்து, ஐந்து குளிர்காலமாகச் சேர்த்தது. மகள் நுர்ஜானுக்காகச் செய்தது. நுர்ஜானுக்குப் பதினெட்டு வயது. அடுத்த ஊர் ஒர்ஹானோடு நிச்சயமாகியிருந்தது. ஒர்ஹான் வீட்டுக்குப் பாஸ்போர்ட் வரவில்லை. வரும், வந்ததும் பின்னாலேயே வருகிறோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள்.

ஷெஃபிகா நகரத்துத் தையல் ஆலையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். கோட்டுக்குக் கை வைத்துத் தைப்பதுதான் அவள் வேலை. அந்த ஆலையில் அவள் வைத்த கை மாதிரி வேறு யாருக்கும் உட்காராது என்று கட்டிங் மேஜைக்காரர்களே சொல்வார்கள். கணவன் ரெம்ஸி டிராக்டர் பணிமனையில் மெக்கானிக். இரண்டு பேரும் ஒரே தெருவில் ஒன்றாக விளையாடி வளர்ந்தவர்கள் என்பதால் கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். அவனும் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

பெயர் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நாலு வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அரசாங்கம் எங்கள் எல்லோருடைய பெயரையும் மாற்றியது. ஒரு பட்டியலை நீட்டுவார்கள். அதிலிருந்து ஒரு பல்கேரியப் பெயரைப் பொறுக்கிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர்கள் அடி வாங்கினார்கள், சிலர் எங்கோ அனுப்பப்பட்டார்கள். ஷெஃபிகா ஸ்னெஜானா ஆனாள். ஆலையில் தினமும் காலையில் சூப்பர்வைசர் அந்தப் பெயரைக் கூப்பிடுவான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் ஒரு நாள், தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று உறைக்காமல் சும்மா இருந்துவிட்டாள். அன்று ஷிஃப்ட் முடிகிற வரைக்கும் நாற்காலியை எடுத்துவிட்டு நின்றுகொண்டே தைக்க வைத்தான். அந்தப் பெயரை ஷெஃபிகா தானாகப் பொறுக்கவில்லை. அவளுக்கும் மகளுக்கும் சேர்த்து ரெம்ஸிதான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தான்.

இப்போது மூன்று நாளில் வீட்டையே மூட்டை கட்ட வேண்டும். ரெம்ஸியின் அண்ணன் ஹில்மி எப்படியோ ஒரு லாரி பிடித்திருந்தார். இரண்டு குடும்பத்துக்கும் அந்த ஒரே லாரி. ஹில்மி ஞாயம் பேசுகிற மனுஷர். லாரியின் பின்தட்டில் ஏறி சாக்பீஸால் நட்டநடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் உன்னுடையது, அந்தப் பக்கம் என்னுடையது, ஒரு விரற்கடை தாண்டக்கூடாது என்று தம்பியிடம் சொல்லிவிட்டார்.

ஷெஃபிகா காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் பட்டியல் எழுதினாள். முதலில் எழுதியது தையல் மெஷின். ஆலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய கால்மிதி மெஷின். அடுத்து மெத்தைகள், போர்த்திக்கொள்கிற ரஜாய்கள். அதற்கடுத்து மிளகாய் சுடுகிற மின்சட்டி. ஆகஸ்டு பிறந்தால் எங்கள் ஊர்த் தெருவெல்லாம் சிவப்பு மிளகாய் சுட்ட வாசனைதான். அந்தச் சட்டி இல்லாமல் ஒரு வீடு வீடா? அப்புறம் போன வருஷம் போட்டு வைத்த மிளகாய்த் தொக்கு, பிளம்பழப் பாகு, ஊறுகாய் என்று நாற்பது ஜாடி. காப்பிக்கொட்டை அரைக்கிற மெஷின். டீ கிளாஸ்கள். குளிர்சாதனப் பெட்டி. நடையில் விரிக்கிற நீளக் கம்பளம். எழுதிவிட்டு லாரியை ஒரு கண்ணால் பார்த்தாள். ஆலையில் துணியைப் பார்த்தே எத்தனை கோட்டு வரும் என்று சொல்லிப் பழகிய கண். எல்லாம் அடங்கும், கொஞ்சம் நெருக்கிப் பிடித்தால் நாற்பது ஜாடியும் மெத்தைக்குள் சொருகிவிடலாம்.

அப்போதுதான் ரெம்ஸி அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போனான். கூடத்தில் ஒரு சுவர் முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது அலமாரி. ஐந்து பகுதி, நடுவில் கண்ணாடிக் கதவு, பளபளவென்று வார்னிஷ். எங்கள் ஊரில் அந்த மாதிரி மொத்தம் நாலு வீட்டில்தான் இருந்தது. வாங்க வேண்டுமென்றால் பெயரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ரெம்ஸி உயரம் அளந்தான், அகலம் அளந்தான், லாரிக்குப் போய் அங்கேயும் அளந்தான். அவர்கள் பங்குக்கு வந்த இடத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். திரும்பி வந்து, பட்டியலை வாங்கி, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மெஷினைக் கோடு போட்டு அடித்தான். நாலு மெத்தையை அடித்தான். ஜாடிகளை மொத்தமாக அடித்தான்.

ஷெஃபிகா அவனோடு மல்லுக்கட்டிப் பார்த்தாள். கழற்றிப் போட்டால் திரும்பப் பூட்ட வராது, மரத்தூளை ஒட்டிச் செய்தது, ஒரு தூறல் பட்டால் போதும் என்றாள். போய் இறங்குகிற இடத்தில் சுவரே இருக்குமோ இருக்காதோ என்றாள். ரெம்ஸி அசையவில்லை. புர்ஸா நகரத்தில் அவனுடைய சித்தி மகன் இஸ்மெத் துணி வியாபாரம் செய்கிறான், கடை வைத்திருக்கிறான், வீடு பார்த்து வைத்திருக்கிறான், அங்கே போய் ஷெஃபிகா மெஷினை மிதிக்க வேண்டிய அவசியமே இல்லை என்றான். மெத்தை அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும் என்றான்.

"இஸ்மெத் வீட்டுக்காரங்க வந்து பாத்தா நம்மள அகதின்னு நினைக்கக் கூடாது," என்றான். "கூடத்துல இது நின்னா போதும். நாமளும் ஒரு மாதிரி வாழ்ந்தவங்கன்னு தெரியும்."

ஷெஃபிகா கையிலிருந்த ரஜாயை மடித்து வைத்தாள்.

"இந்த அலமாரி எப்ப வந்துச்சுன்னு எனக்குத் தெரியும் ரெம்ஸி."

"வரிசைப்படி வந்துச்சு."

"நமக்கு முன்னால பதினாலு பேர் இருந்தாங்க. அந்தப் பதினாலு பேர்ல ஒருத்தருக்கும் இன்னும் வரல. நீ ஜனவரியில கையெழுத்துப் போட்ட. முதல் நாள், முதல் ஆளா. ஏப்ரல்ல அலமாரி வந்துச்சு."

ரெம்ஸி டேப்பை உள்ளே சுருட்டினான்.  பிறகு மெதுவாகச் சொன்னான்:

"போடலன்னா உன்ன எங்க கொண்டு போயிருப்பானுங்கன்னு தெரியுமா? நுர்ஜான பள்ளிக்கூடத்த விட்டுத் துரத்தியிருப்பானுங்க. ஊர்ல எல்லாரும்தான் போட்டாங்க. ஒரு வாரம் முந்தி, ஒரு வாரம் பிந்தி."

"கையெழுத்தப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. அது பயம். எனக்கும் பயம் இருந்துச்சு. ஆனா அலமாரி பயம் இல்ல. அது கூலி."

நாலு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்த வார்த்தை. வெளியே வந்ததும் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. ரெம்ஸி அவளைப் பார்த்தான், ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய் அலமாரியின் முதல் பகுதியைக் கழற்ற ஆரம்பித்தான். அதற்கு மேல் அவன் எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் அவளும் இன்னும் ஏதாவது சொல்லியிருப்பாள், ஏதாவது ஒரு முடிவுக்காவது வந்திருக்கும். கண்ணாடிக் கதவைச் சுற்றிக் கட்ட மெத்தை உறை கேட்டான். அவள் எடுத்துக் கொடுத்தாள். ஏன் கொடுத்தோம் என்று பின்னால் அவளே பல தடவை தன்னைக் கேட்டுக்கொண்டதுண்டு. மூன்று நாள்தான் இருந்தது, தெருவில் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள், மகள் ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தாள். கை தானாக நீண்டுவிட்டது.

மெஷினை ருமியானா வீட்டில் விட்டார்கள். ருமியானா அதைத் தன் படுக்கையறையில் ஜன்னலோரம் வைத்து, மேலே வெள்ளைத் துணி போட்டு மூடினாள். நீ வருகிற வரைக்கும் இதில் ஒரு ஊசி ஏறாது என்று ஷெஃபிகாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னாள். நாலு மெத்தையையும் வெளியூரிலிருந்து வண்டியோடு வந்து வாசலில் காத்திருந்த யாரோ எடுத்துப் போனார்கள். அந்த வாரம் எங்கள் தெருக்களில் அப்படிப்பட்ட வண்டிகள்தான். எதைத் தூக்கலாம் என்று வேலியில் சாய்ந்து நின்று பார்ப்பார்கள். ஜாடிகளை ஷெஃபிகா யாருக்கும் கொடுக்கவில்லை. நிலவறையில் அடுக்கியபடியே விட்டு, கதவைச் சாத்தினாள். வெள்ளிக்கிழமை மதியம் லாரி கிளம்பியபோது ஆளில்லாத தொழுவங்களில் பால் கறக்காமல் விட்ட மாடுகள் கத்திக்கொண்டிருந்தன.

எல்லை வரைக்கும் போக நாலு நாள் ஆனது. அவ்வளவு நீள வரிசை. அப்புறம் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மாதம் கூடாரம். ஜூலையில் ஒரு பெரிய மழை பெய்தது. ரெம்ஸி கூடாரத்துக்கு மேல் போட வேண்டிய தார்ப்பாயைக் கொண்டுபோய் அலமாரியை மூடினான். நுர்ஜானும் ஷெஃபிகாவும் மிச்சமிருந்த இரண்டு மெத்தையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இஸ்மெத்துக்குப் புர்ஸாவில் கடை ஒன்றும் இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தள்ளுவண்டியில் சாக்ஸ் விற்றுக்கொண்டிருந்தான். கெட்டவன் இல்லை. கடிதத்தில் வண்டி என்று எழுத வெட்கப்பட்டுக் கடை என்று எழுதிவிட்டான், அவ்வளவுதான். அவன் பார்த்து வைத்திருந்த வீடு ஒரு நாலு மாடிக் கட்டிடத்தின் நிலவறை. முன்பு கரி கொட்டி வைத்திருந்த ஒற்றை அறை. படிக்கட்டு குறுகலாக இறங்கி ஒரு திருப்பம் திரும்பும். அலமாரியின் பகுதிகளைச் சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள், கதவு நிலையையே பெயர்த்துப் பார்த்தார்கள். போகவில்லை. கட்டிடத்தின் பின்முற்றத்தில் சுவரோரமாக ஐந்து பகுதியையும் நிறுத்தித் தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள். வேறு வீடு கிடைத்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்றான் ரெம்ஸி.

ஷெஃபிகா இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். பீஸ் கணக்கு. சொந்த மெஷின் கொண்டு வந்தால் வீட்டிலேயே தைக்கலாம், பகல் நேரத்தில் மகளோடும் இருக்கலாம் என்று பட்டறைக்காரர் சொன்னார். எங்கள் ஊர்களிலிருந்து வந்த இரண்டு பெண்கள் அப்படித்தான் செய்தார்கள். ஷெஃபிகா அடுத்தவர் மெஷினில், நாள் முழுக்கக் குழல்விளக்கு வெளிச்சத்தில் தைத்தாள். மெஷினை எப்படியாவது அனுப்பி வைக்க முடியுமா என்று செப்டம்பரில் ருமியானாவுக்கு எழுதிக் கேட்டாள். பதில் வர ஒன்றரை மாதம் ஆனது. நீங்கள் இனி வரமாட்டீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், என் மருமகளுக்குத் தேவைப்பட்டது, கொடுத்துவிட்டேன், என்னைத் தப்பாக நினைக்காதே என்று எழுதியிருந்தாள். ருமியானாவைத் தப்பாக நினைக்க ஷெஃபிகா முயற்சி செய்தாள். அவள்மேல் வரவேண்டிய கோபம் வேறு ஆள்மேல்தான் போய் நின்றது.

ரெம்ஸிக்கு வேலை கிடைக்கவில்லை. அவனுக்குத் தெரிந்த டிராக்டர் அங்கே இல்லை. காலையில் எழுந்து பின்முற்றத்துக்குப் போய்த் தார்ப்பாயைப் பிரித்துப் பார்ப்பான், தடவிப் பார்ப்பான், திரும்பக் கட்டுவான். அக்டோபரிலேயே அடிப்பலகைகள் ஊறி உப்பிவிட்டன. வார்னிஷ் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. மேல்மாடிக்காரர்கள் முற்றத்தைக் காலி செய்யச் சொல்லிப் பலமுறை சொல்லிவிட்டார்கள். ரெம்ஸி காதில் வாங்கவில்லை.

டிசம்பரில் சிமெண்டுத் தரையிலிருந்து குளிர் ஏறியது. இரண்டு மெத்தை, மூன்று பேர். நுர்ஜானை ஒரு மெத்தையில் படுக்க வைத்துவிட்டு, இன்னொன்றில் ரெம்ஸியும் ஷெஃபிகாவும் ஒருவரை ஒருவர் தொடாமல் படுப்பார்கள். நுர்ஜானுக்கு இருமல் பிடித்துக்கொண்டு விடவில்லை. கரி வாங்க வழியில்லை. ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரெம்ஸி வேலை விசாரிக்க வெளியே போயிருந்தபோது, ஷெஃபிகா மேல்மாடிக்காரரிடம் கோடரி கேட்டு வாங்கினாள். முற்றத்துக்குப் போய்த் தார்ப்பாயை அறுத்தாள். மரம் பிளக்கிற சத்தமே வரவில்லை. ஊறிய ரொட்டியை வெட்டுகிற மாதிரி கோடரி பொத்பொத்தென்று இறங்கியது. காய்ந்த பகுதிகளைப் பொறுக்கிக் கீழே கொண்டுபோய் அடுப்பில் போட்டாள். பசை எரிகிற நாற்றம் கட்டிடம் முழுக்க அடித்தது. ஆனால் அறை சூடேறியது. நுர்ஜான் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுப்பருகே வந்து உட்கார்ந்தாள்.

மதியம் ரெம்ஸி வந்தான். முற்றத்தைப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கியிருப்பான். கத்துவான் என்று எதிர்பார்த்து ஷெஃபிகா சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். அவன் தொப்பியைக் கழற்றினான். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டிக் காய்ந்தான்.

"கண்ணாடிக் கதவையாவது வச்சிருக்கலாம்," என்றான்.

அதற்குள் அங்கே, பல்கேரியாவில், காலம் மாறியிருந்தது. ஆட்சியில் மேலே உட்கார்ந்திருந்தவர்கள் நவம்பரிலேயே கீழே இறங்கிவிட்டார்கள். பழைய பெயர்களைத் திருப்பித் தருகிறார்களாம் என்று செய்தி வந்தது. எங்கள் ஆட்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஹில்மி முதல் ஆளாகப் போய்விட்டார். மார்ச்சில் ரெம்ஸியும் போவது என்று முடிவு செய்தான். வீடு இன்னும் நம் பெயரில்தான் இருக்கிறது, டிராக்டர் பணிமனையில் ஆள் எடுக்கிறார்கள், திங்கட்கிழமை வேன் கிளம்புகிறது என்றான். தாள் ஒன்றை எடுத்து, வேனில் என்னென்ன ஏற்ற வேண்டும் என்று எழுதத் தொடங்கினான். குளிர்சாதனப் பெட்டி. கம்பளம். காப்பி மெஷின்.

ஷெஃபிகா பட்டறையிலிருந்து கொண்டு வந்த துணியில் நூல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வரும்போது நீ சொன்ன, வந்தேன். இப்ப திரும்பவும் நீ சொல்ற. இந்தத் தடவை என்னை அந்த லிஸ்ட்ல சேக்காத."

"இங்க என்ன இருக்கு உனக்கு? இந்தக் கரிக்குழியா?"

"ஒண்ணும் இல்ல. அங்கயும் ஒண்ணும் இல்ல. அங்க போனா அதே ஆலை, அதே சூப்பர்வைசர். அவன் இப்ப என்னைச் சரியான பேரச் சொல்லிக் கூப்பிடுவான். அதுக்கும் 'இருக்கேன்'னு சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

அவன் நம்பவில்லை. கோபத்தில் பேசுகிறாள், திங்கட்கிழமைக்குள் இறங்கிவிடுவாள் என்று நினைத்தான். ஷெஃபிகா மகளைப் பார்த்தாள். நுர்ஜான் அவளோடு இருந்துவிடுவாள் என்பதில் ஷெஃபிகாவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இருமியவளுக்கு முதுகு தடவியது யார், கோடரி எடுத்தது யார் என்று பிள்ளைக்குத் தெரியாதா?

நுர்ஜான் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்:

"அம்மா, ஒர்ஹான் பாஸ்போர்ட் கிடைக்காம அங்கயே இருக்கான். ஒன்பது மாசமா எழுதிக்கிட்டே இருக்கான். நான் அப்பாகூடப் போறேன். நீயும் வா."

ஷெஃபிகா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். வரமாட்டேன் என்று மறுபடியும் சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளே மூட்டை கட்டினாள். அவளைப் போல் கட்ட அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை. டீ கிளாஸ்களைத் துணியில் சுற்றினாள். இரண்டு மெத்தையையும் சுருட்டிக் கயிறு போட்டு மகள் பக்கமாக வைத்தாள். உனக்குப் படுக்க என்று நுர்ஜான் கேட்டதற்கு, பட்டறையில் பழைய துணிக்கா பஞ்சம் என்றாள். திங்கட்கிழமை வேன் வந்தபோது அவள் ஷிஃப்டுக்குப் போயிருந்தாள். வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அறையில் அடுப்பும், ஒரு நாற்காலியும், ஆணியில் தொங்கிய அவளுடைய கோட்டும்தான் மிச்சம்.

ரெம்ஸி மூன்று கடிதம் எழுதினான். முதல் கடிதத்தில் வா என்று கெஞ்சியிருந்தான், இரண்டாவதில் வைதிருந்தான். மூன்றாவதில் விவாகரத்துத் தாள் மட்டும் இருந்தது, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு. போட்டு அனுப்பினாள்.

அடுத்த வருஷம் செப்டம்பரில் நுர்ஜானுக்குக் கல்யாணம். அதற்குள் துருக்கிக் குடியுரிமை வாங்கியிருந்த ஷெஃபிகா விசாவுக்கு எழுதிப் போட்டாள். இரண்டு தடவை ஏதோ தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்கள், மூன்றாவது தடவை விசா வந்தபோது கல்யாணம் முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. போகவில்லை. அக்டோபரில் தபாலில் ஒரு புகைப்படம் வந்தது. வெள்ளை உடுப்பில் நுர்ஜான், பக்கத்தில் ஒர்ஹான், பின்னால் ரெம்ஸி, அவன் தோளருகே ஷெஃபிகாவுக்குத் தெரியாத ஒரு பெண்.

பட்டறையில் தேநீர் நேரத்தில் பக்கத்து மெஷின்காரி படத்தை வாங்கிப் பார்த்து, பொண்ணு லட்சணமா இருக்கா, அப்படியே நீதான் என்றாள். ஷெஃபிகா படத்தைத் திரும்ப வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"உடுப்புக்குக் கை சரியா வைக்கல பாரு," என்றாள். "தோள்ல சுருக்கம் விழுந்திருக்கு. கைய மேல தூக்கினா இழுத்துப் பிடிக்கும். பாவம், அன்னைக்கு முழுக்க அதோட எப்படி ஆடினாளோ."

மணி அடித்தது. படத்தை மேஜை இழுப்பறையில் நூல் பாபின் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, அன்றைக்குத் தர வேண்டிய அறுபது கோட்டில் மிச்சமிருந்ததை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.